நல்லதண்ணிச் சொறி

மார்ச் மாதத்தில் இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கம் வெகுவாக இறங்கிக் கிடந்தது. தேயிலை முடிகிற இடத்துக்கும் தண்ணீர் தொடங்குகிற இடத்துக்கும் நடுவே ஒரு செம்மண் பட்டை. தண்ணீர் வற்றிய நாள்கள் அதில் வரிவரியாகப் பதிந்திருந்தன. கணுக்கால் புதைய அதில் இறங்கிப்போய், ஒரு ஜாம் போத்தலைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சேர் என்னா தேடுறீங்க? மீன் குஞ்சா?”

கரையில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் கேட்டார். தலையில் கம்பளித் தொப்பி, தோளில் மடித்துப் போட்ட சாக்கு. பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது வருஷம் வேலை செய்து, கடைசியில் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்தவர் என்று பிறகு தெரிந்தது.

“சொறி தேடுறேன் ஐயா.”

“கடல்ல கெடக்குமே, அதா? நீர்கொழும்புல பாத்திருக்கேன். அது உப்புத்தண்ணிச் சாமான் இல்லீங்களா?”

“நல்ல தண்ணியில இருக்கிற சொறியும் ஒண்ணு இருக்குங்க.”

அவர் முகம் மலர்ந்தது. தூண்டில் கோலை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு, ஏரிக்கு மேலே நீலமாக நின்ற சிவனொளிபாத மலையின் பக்கம் கையைக் காட்டினார். “நல்லதண்ணி அங்கிட்டு இருக்குங்க. மஸ்கெலியா போய்ப் போகணும்.”

மலையேறும் யாத்திரிகர்கள் இறங்குகிற ஊருக்குப் பெயர் நல்லதண்ணி. அந்தப் பெயரை வைத்தவர்கள் யாரோ, தமிழின் பழைய பாகுபாட்டைக் கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள். கடலோரத்தில் பிறந்தவனுக்குத் தண்ணீர் இரண்டே வகை: உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. பாடநூல் அதை ‘நன்னீர்’ என்று எழுதுகிறது. ‘சொறி’யை ‘இழுதுமீன்’ என்று எழுதுகிறது. முசிறிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். நன்னீர் இழுதுமீன் என்று கரும்பலகையில் எழுதியபோதெல்லாம் பிள்ளைகளின் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. இந்தக் கரையில் நின்று நல்லதண்ணிச் சொறி என்று சொன்னதும் பெரியவர் உடனே பிடித்துக்கொண்டார். எழுந்து வந்து போத்தலை வாங்கித் தானும் பார்த்தார்.

தண்ணீரில் துள்ளுகிற சில புள்ளிகள் இருந்தன. நீர்த்தெள்ளுகள். சொறி இல்லை.

நான் தேடியது கிராஸ்பெடகஸ்டா சோவர்பை என்கிற உயிர். பெருத்தால் நம் ஒரு ரூபாய்க் காசளவு அகலம். குடை போன்ற உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். விளிம்பில் நானூறு வரை நூல்கள். உடலுக்குள் நாலு வெள்ளைக் கோடுகள் சிலுவைபோலத் தெரியும். அதைப் பார்த்துத்தான் தண்ணீருக்குள் தண்ணீர் அசைகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். மேலே நீந்திப்போய், அசைவை நிறுத்திக் குடையை விரித்தபடி மெல்ல மூழ்கும். மூழ்கும்போது நூல்களில் படுகிற நீர்த்தெள்ளுதான் அதற்குச் சாப்பாடு. சொறி என்று பெயர் இருந்தாலும் இது நம் தோலைத் துளைக்காது. கடல் சொறிகளைவிட, குளத்து இலையில் ஒட்டியிருக்கும் ஹைட்ராவுக்குத்தான் இது நெருங்கிய உறவு.

இன்று அண்டார்க்டிகா தவிர்த்த எல்லாக் கண்டங்களிலும் இது இருக்கிறது. அமெரிக்காவில் கல்லுடைத்த குழிகளில், ஜெர்மனியில் மணல் அள்ளிய பள்ளங்களில், ஆஸ்திரேலியாவில், சிலியில், அணைகளில், தோட்டத் தொட்டிகளில். நீந்தி ஆழ்கடலைத் தாண்ட முடியாத, கடலுப்பைத் தாங்காத உயிர் இப்படி உலகம் முழுதும் போனது எப்படி? அந்தக் கேள்வியோடுதான் தேயிலை மலைக்கு வந்தேன். இங்கே கண்ணில் படுகிற உயிர்களில் பலவும் அதே கேள்விக்கு உரியவை.

உலகம் இதை முதலில் கண்டது லண்டனில். 1880 ஜூன் மாதம், ரீஜன்ட்ஸ் பூங்காவில் இருந்த ராயல் பொட்டானிக் சொசைட்டியின் தோட்டம். அமேசான் பகுதியின் பெரிய விக்டோரியா அல்லியை வளர்ப்பதற்கென்று கண்ணாடிக் கூரையின் கீழ் வெதுவெதுப்பான தொட்டி ஒன்று வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில் சின்னச் சின்னக் குடைகள் நூற்றுக்கணக்கில் ஏறி இறங்குவதைச் சொசைட்டியின் செயலாளர் சோவர்பி கண்டார். ரே லங்கெஸ்டர், ஜார்ஜ் ஆல்மன் என்ற இரண்டு விலங்கியல் அறிஞர்கள் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஆல்மன் அல்லியின் பெயரைக் கொடுத்தார். லங்கெஸ்டர் கண்டவர் பெயரைக் கொடுத்தார், அதுவே நின்றது. அல்லியோடு அமேசானிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பலரும் நினைத்தார்கள். பார்க்கிற இடத்தில் இருப்பதை வைத்து ஊரைத் தீர்மானிப்பது எளிது.

அதன் ஊர் வேறு. 1907இல் ஜப்பானிய அறிஞர் ஓகா, சீனாவின் யாங்சி ஆற்றில், கடலிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள யீச்சாங் நகரத்தருகே எடுத்த இதே வகைச் சொறியை விவரித்து எழுதினார். அந்த ஆற்றங்கரை மக்களுக்கு இது புதிதே இல்லை. பீச் மரம் பூக்கிற பருவத்தில் தண்ணீரில் தெரிவதால் ‘பீச்சம்பூ மீன்’ என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். இன்று அறிவியலுலகம் யாங்சிப் படுகையைத்தான் இதன் தாயகமாகக் கொள்கிறது.

இனி நான் வகுப்பில் எப்போதும் நிறுத்திச் சொல்கிற இடம். குடைபோல் நீந்துவது இந்த உயிரின் வாழ்க்கையில் சில வாரம்தான். மீதிக் காலமெல்லாம் இது கல்லின் அடியில், நீரில் கிடக்கும் கட்டையில், பாசித் தண்டில் ஒட்டிக்கொண்டு ஒரு மில்லிமீட்டர் உயரத்துச் சிறு குச்சியாக இருக்கிறது. அதற்கு நூல்கள்கூடக் கிடையாது. 1885இல் பிலடெல்பியா அருகே டக்கோனி ஓடையில் எட்வர்ட் பாட்ஸ் இந்தக் குச்சியைக் கண்டபோது அதை வேறொரு புதிய விலங்கு என்று எண்ணிப் பெயர் சூட்டினார். குச்சியும் குடையும் ஒரே உயிர்தான் என்று ஐயமில்லாமல் தெளிவாக இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. தன் உடம்பிலிருந்தே மொட்டுவிட்டுப் பெருகும் அந்தக் குச்சிக்கு ஆண் பெண் சேர்க்கை தேவையில்லை. பல ஏரிகளில் நீந்துகிற குடைகள் அத்தனையும் ஆணாகவே இருக்கும், அல்லது பெண்ணாகவே. ஏரி முழுதும் ஒரே ஒரு குச்சியின் பிள்ளைகளாக இருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். குளிர் வந்தாலோ தண்ணீர் வற்றினாலோ குச்சி சுருங்கி, தோல் தடித்த சிறு உருண்டையாகி உறங்கிவிடும். அந்த உருண்டை காய்ந்தாலும் சாகாது. நீர்ச்செடியின் வேரில், மீன்குஞ்சு கொண்டுபோகும் வாளியில், படகின் அடியில், ஒருவேளை நீர்ப்பறவையின் காலில் ஒட்டிக்கொண்டு போகும். வெயில் ஏறித் தண்ணீர் 25 பாகை செல்சியஸை ஒட்டி வெதுவெதுப்பாகும்போது குச்சியிலிருந்து குடைகள் பிரியும். ஊர் அப்போதுதான் கண்டு வியக்கும். வந்து பத்து, இருபது வருஷம் ஆகியிருக்கும்.

ஆகவே என் போத்தலில் சொறி இல்லாதது எனக்கு ஏமாற்றமாக இல்லை. போத்தலால் காண்பது இதன் வாழ்க்கையில் மிகச் சிறிய பகுதி. தண்ணீரை எடுத்த இடத்திலேயே ஊற்றினேன்.

பெரியவர் தூண்டிலை இழுத்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன் துடித்தது. எங்கள் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்கிற திலாப்பியா.

“இது எங்கிருந்து வந்ததுன்னு தெரியுமா ஐயா?”

“டேம் கட்டின பொறவு விட்டதுன்னு சொல்லுவாங்க.”

“அதுக்கு முந்தி ஆப்பிரிக்கா. இலங்கைக்கு வந்தது 1952இல.”

அவர் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது வரை பார்த்திராத மீனைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு எதிர்க்கரை மலையைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்டார். தேயிலை? சீனாவும் அசாமும். நடுவில் நிற்கிற சவுக்கு? இங்கே சவுக்கு என்று சொல்வது சில்வர் ஓக் மரத்தை, அது ஆஸ்திரேலியா. யூக்கலிப்டஸும் அங்கிருந்துதான். கங்காணி வீட்டு வேலியில் பூத்திருக்கிற லந்தானா? அமெரிக்கக் கண்டம். கடைசியில் அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று எங்கள் நடுவே நின்றது. நானும் அதைத் தொடவில்லை.

அன்றிரவு டிக்கோயாப் பக்கம் நண்பர் வீட்டில் தங்கினேன். அவர் தோட்டப் பாடசாலை ஆசிரியர். வீடு என்பது அவர் வளர்ந்த அதே லயம், தொழிலாளருக்கான வரிசைக் குடியிருப்பு. அம்மா அதை விட்டு வர மறுத்துவிட்டார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற பெண்களின் பேச்சுச் சத்தத்தில் விழித்து, அம்மா கொடுத்த சாயத் தண்ணியோடு பின்பக்கம் போனேன். பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கான் என்கிற வடிகாலின் ஓரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கோப்பிச் செடி.

பழக்கத்தில் இலையைத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த வட்டங்கள். விரலால் தடவினால் பொடி ஒட்டிக்கொண்டது.

நான் நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். லண்டன் தொட்டியில் தொடங்கிய கதையின் மறுபாதி என் விரல் நுனியில் இருந்தது. அந்தப் பொடியின் பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ், கோப்பித் துரு. ஹெமிலியா என்றால் பாதி வழுவழுப்பானது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு வித்தும் ஒரு பக்கம் மழமழவென்றும் மறுபக்கம் முள்முள்ளாகவும் இருக்கும். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் பாழாக்குவது. 1869இல் ஊவாப் பக்கத்து மடுல்சீமையில் கோப்பி இலைகள் புள்ளி விழுந்து உதிர்கின்றன என்று பேச்செழுந்தது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் த்வெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சை அறிஞர் பெர்க்லி அந்த வருஷமே பெயர் சூட்டினார். அறிவியல் இந்த நோயை முதலில் பதிவு செய்தது இந்தத் தீவின் இலைகளில்.

பெயர் வைத்துப் பத்து வருஷம் வரை தோட்டக்காரர்கள் நம்ப மறுத்தார்கள். மழை போதவில்லை, உரம் போதவில்லை என்றார்கள். மேலும் மேலும் காட்டை அழித்துக் கோப்பி நட்டார்கள். 1870களின் முடிவில் இரண்டே முக்கால் லட்சம் ஏக்கர் கோப்பி நின்றது. பிறகு அரசாங்கம் மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை வரவழைத்தது. அவர் வந்த வருஷம் 1880. சோவர்பி தொட்டியை எட்டிப் பார்த்த அதே வருஷம். இந்தத் தற்செயலை நான் பல வருஷம் முன்பே குறித்து வைத்திருந்தேன். பொடி விரலில் ஒட்டியபோதுதான் அதன் கனம் தெரிந்தது. வார்ட் பிசுபிசுப்புத் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் நிறுத்தி வைத்தார். காற்றில் வருகிற வித்துகள் அதில் ஒட்டின. நோய் இலையிலிருந்து இலைக்குக் காற்றில் போகிறது என்று காட்டினார். தடுக்க மரமில்லாமல் மலைமேல் மலையாக ஒரே பயிரை விரித்ததுதான் பூஞ்சைக்குப் பாதை போட்டது என்றும் சொன்னார். மருந்து கேட்டவர்களுக்கு அவரால் மருந்து தர முடியவில்லை.

துரு இங்கிருந்த கோப்பியை முடித்தது. லூல்கந்துரை தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்ட தேயிலை, அந்த வெற்றிடத்தில்தான் மலையெல்லாம் ஏறியது. தோட்டங்கள் கைமாறின. கோப்பி வீழ்ந்த வருஷங்களில் தொழிலாளரின் கூலி நிலுவையில் போனது. பலர் வந்த வழியே நடந்து திரும்பினார்கள். துருவோ பயணத்தை நிறுத்தவில்லை. 1876இல் ஜாவா, 1879இல் பிஜி. ஆசியா முழுதும், ஆப்பிரிக்கா முழுதும். நடுவில் இருந்த அட்லாண்டிக் கடல் அதை நூறு வருஷம் தடுத்தது. 1970இல் பிரேசிலின் பாயா மாநிலத்தில் இறங்கிவிட்டது. 2012-13இல் மத்திய அமெரிக்காவின் மலைகளில் அடித்த துருவில் தோட்டக் கூலிகள் லட்சக்கணக்கில் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் வடக்கே நடந்தார்கள். அந்த நடையையும் இந்த மலையிலிருந்து திரும்பியவர்களின் நடையையும் ஒரே பொடி இயக்கியிருக்கிறது.

“என்னா தம்பி, அந்த எலையயே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்றார் அம்மா.

“நோவு விழுந்திருக்கு அம்மா.”

“அது எப்பவும் அப்படித்தான். அதுபாட்டுக்குக் காய்க்கும். எங்க மாமியார் வச்ச செடி.”

கையைப் பீலியில் கழுவினேன். சோப்புப் போட்டு இரண்டாவது தடவையும் கழுவினேன்.

மஸ்கெலியாவுக்கு நண்பரும் அம்மாவும் கூட வந்தார்கள். அம்மா பிறந்த ஊர். அவர் பிறந்த மஸ்கெலியா இப்போது இருக்கிற மஸ்கெலியா இல்லை. பழைய நகரம் 1969இல் கட்டி முடித்த மவுஸ்ஸாக்கலை அணையின் தண்ணீருக்குள் இருக்கிறது. நீர் மிகவும் இறங்குகிற வருஷங்களில் கோயிலும் பழைய கட்டடங்களின் சுவர்களும் மேலே வரும். நாங்கள் போன அன்று கோயிலின் கற்கள் தெரிந்தன. தெரு இருந்த கோட்டைக் கையால் காட்டி, இது துணிக்கடை, இது பஸ் நிற்கிற இடம் என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். தண்ணீர் தொடங்கிய இடத்திலும் நிற்காமல் கை மட்டும் ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தது.

நல்லதண்ணிச் சொறி உலகில் பெரிதும் கண்ணில் படுவது இப்படிப்பட்ட தண்ணீரில்தான். ஓடுகிற ஆற்றை மறித்து நிறுத்திய தண்ணீர், மனிதன் தோண்டிய குழியில் நின்ற தண்ணீர். கல், சுவர், மூழ்கிய மரம் என்று குச்சிக்கு ஒட்டிக்கொள்ள இடம் ஏராளம். தண்ணீர் அசையாததால் மேல்மட்டம் சூடாகும். மீன் வளர்க்க யாரோ குஞ்சு கொண்டுவந்து விடுவார்கள். இருபதாம் நூற்றாண்டு அணைகளின் நூற்றாண்டு. சொறி கண்டம் கண்டமாகப் பரவியதும் அந்த நூற்றாண்டில்தான். நம் பக்கத்திலும் நன்னீர்ச் சொறி இல்லாமலில்லை. 1911இல் சதாரா மாவட்டத்தில், கிருஷ்ணா ஆற்றின் கிளையொன்றில் அகார்க்கர் கண்டெடுத்த லிம்னோக்னிடா இண்டிகா மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தப் பிள்ளை. அது தன் ஆறுகளைவிட்டு உலகம் சுற்றவில்லை. கப்பல் ஏறியது யாங்சியின் சொறி. வலிமையால் அன்று, அதன் குளத்துச் செடி ஏதோ ஒன்று யாருக்கோ அழகாகத் தெரிந்திருக்கிறது.

கோயிலுக்கு எதிரே மேட்டில் உட்கார்ந்து அம்மா கொண்டுவந்த ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். அப்போதுதான், பெரியவர் கேட்காமல் விட்டதை அம்மா சொன்னார்.

“எங்க அண்ணன் குடும்பம் எழுபத்தி ரெண்டுல போச்சு. சாஸ்திரி ஒப்பந்தத்துல பேர் வந்துருச்சு. இங்க இருந்தப்ப கள்ளத்தோணின்னாங்க. அங்க போனா சிலோன்காரங்கன்னாங்களாம். நீலகிரியில தேயிலைதான் எடுத்தாங்க. ரெண்டு ஊர்லயும் கொழுந்து ஒண்ணுதான் தம்பி.”

1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மலையின் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 2003 வரை ஆனது. முன்பு வெள்ளைக்காரர் ஆட்சியில், இந்த மலைக்கு வேலை செய்யப் புறப்பட்டவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, காலரா உண்டா, அம்மை உண்டா என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். அதே ஆட்சியில் துரைமாரின் தூண்டிலுக்காக இங்கிலாந்திலிருந்து டிரவுட் மீன் முட்டைகள் பனிக்கட்டியில் பொதிந்து நுவரெலியா ஓடைகளுக்கு வந்தன.

வெளியிலிருந்து வந்து பெருகும் செடியையும் மீனையும் ‘வந்தேறி இனம்’ என்று தமிழில் எழுதுகிறார்கள். நானும் வகுப்பில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். மஸ்கெலியாக் கரையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இனி எழுதக்கூடாது என்று தீர்மானித்தேன். அயல் இனம் என்று சொன்னாலே போதும். வந்தேறி என்ற சொல் மனிதர்மேல் எறிந்து பழகிய கல். ஆறு தலைமுறையாக இந்த மண்ணைக் கொத்தி, இந்த மண்ணிலேயே புதைந்தவர்களைச் சுட்டிய அந்தச் சொல்லை விலங்கியல் பாடத்தின் வழியாகக் கூர்தீட்டிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. மீனுக்குப் பூர்விகம் உண்டு, அதைத் தப்பான ஓடையில் விட்டால் அந்த ஓடையின் பழைய உயிர்கள் அழியும், அது உயிரியல். மனிதனுக்கு ஊர் அவன் வாழ்ந்த இடம்.

ஹட்டனில் ரயிலேறி நானுஓயாவில் இறங்கி நுவரெலியா போனேன். பட்டணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; ஏப்ரல் வசந்தகாலத்துக்காகக் கடைகள் வண்ணம் பூசிக்கொண்டிருந்தன. கிரகரி ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் ஓடையை மறித்து உண்டாக்கியது. அதில் பெருத்துத் திரிகிற கார்ப் மீனும் கொண்டுவந்து விட்டதுதான். இந்தக் குளிரில் சொறி இருந்தாலும் குச்சியாகவே காலம் கழிக்கும். குடை விரிக்க வேண்டிய சூடு இந்தத் தண்ணீருக்குக் கிடைப்பது அரிது. ஹக்கலைத் தோட்டத்துக்கும் போனேன். 1861இல் கொய்னா மருந்துக்கான சிங்கோனாவை வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம். லண்டன், பேராதனை, ஹக்கலை, கல்கத்தா, ஜாவா என்று தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் போய்வந்த காலம் அது. செடி போனால் மண் போகும். மண் போனால் அதில் இருப்பது போகும். அந்தப் பெட்டிகளில் போன சிங்கோனா பல லட்சம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதை மறந்துவிட்டு அந்தத் தோட்டக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஹோர்டன் சமவெளியின் ஓடையில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு இறால் இருக்கிறது. டிரவுட் முட்டையை அங்கே கொண்டுபோனவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. தெரியாமல் செய்ததன் விலை அந்த இறாலுக்குத் தெரியும்.

நுவரெலியாவில் பெய்யும் மழை நானுஓயாவாகிக் கொத்மலை போய், மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைப் பக்கம் கடலில் கலக்கிறது. காசல்ரீயின் தண்ணீர் களனியாகிக் கொழும்பில் கலக்கிறது. ஒரே மலையில் பிறந்தும் தீவின் இரண்டு கரைகளுக்குப் போகிற தண்ணீர்கள். நடுவில் உள்ள முகட்டை ஒரு மீன் தாண்ட முடியாது. அதனால்தான் காசல்ரீயில் நனைத்த போத்தலையும் சிறு வலையையும் பெரியவரிடமே விட்டு வந்திருந்தேன். செருப்பைக்கூட நண்பர் வீட்டில் கொதிநீர் ஊற்றிக் கழுவிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு தகப்பனும் ஏழெட்டு வயது மகளும். அவள் மடியில் காற்றடைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பை. தண்ணீருக்குள் இரண்டு தங்கமீன், ஒரு கொத்துப் பாசி. நுவரெலியாக் கடையில் பிறந்தநாளுக்கு வாங்கியதாம்.

“எங்க போறீங்க?”

“டிக்கோயாங்க சேர். ஹட்டன்ல எறங்கி பஸ்.”

“மீன் பெருசானா என்ன செய்வீங்க பாப்பா?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சிரித்தார். “பெருசானா டேம்ல விட்டுருவோங்க. பாவம், அதுவும் உசுருதானே.”

அந்த இரக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அதைக் காயப்படுத்தாமல் எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். பையிலிருந்து லென்ஸை எடுத்து அவளிடம் கொடுத்தேன். “மீனைப் பாக்காத. பாசியைப் பாரு. தண்டுல என்னென்ன இருக்குன்னு எனக்குச் சொல்லு.”

தலவாக்கலை வரை அவள் தலையைத் தூக்கவில்லை. முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு ஒரு நத்தை, அரிசி நுனி அளவு. பிறகு வெள்ளையாக ஓடுகிற ஒன்று. பிறகு நத்தைக்குப் பக்கத்தில் கஞ்சிபோல ஒரு முட்டைத் திட்டு. அப்பாவும் குனிந்து லென்ஸில் பார்த்தார். “கடைக்காரன் ரெண்டு மீன்னுதானே குடுத்தான்” என்றார் மெதுவாக.

“இதெல்லாம் டேமுக்குப் போனா அங்க இருக்கிறதுக்குச் சிரமம். தொட்டியிலயே வச்சு வளருங்க. தண்ணி மாத்தினா மண்ணுல ஊத்துங்க, கான்ல ஊத்தாதீங்க.”

“சரிங்க சேர்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “டேம்ல முந்தி என்னா மீன் இருந்துச்சுங்க, நம்ம ஊரு மீனு?” என்று கேட்டார். களனியின் மேல்ஓடைகளில் கல்லுக்கடியில் திரியும் சிறு கெண்டைகளைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னேன். கோட்டகலை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தது. பெட்டியில் விளக்கில்லை. இருட்டில் பிளாஸ்டிக் பை கசங்கும் ஒலி கேட்டது. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருப்பாள். வெளிச்சம் வந்ததும் முதல் வேலையாக அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். இரண்டு மீனும் இருந்தன. தண்டில் நத்தை சற்று மேலே ஏறியிருந்தது.